கட்டிலில் படுக்காத சிகிச்சைக்குக் காப்பீடு உண்டா?

கேள்வி:

வணக்கம் மேடம். காவேரிப்பட்டினம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் இரண்டாவது பையன் 29 வாரத்தில் பிறந்தான், எடை 1,200 கிராம். 40 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். இப்போது 14 மாதம் ஆகிறது. இன்னும் தனியாக உட்காரவில்லை. வலது கையை இறுக்கி மூடியே வைத்திருக்கிறான். மூளை முடக்குவாதம் என்று சொல்லி, வாரத்தில் மூன்று நாள் தெரபி கொடுக்கச் சொன்னார் டாக்டர். கிருஷ்ணகிரியில் ஒரு தடவைக்கு 400 ரூபாய். கணவருக்கு ஓசூரில் ஒப்பந்த வேலை, சம்பளம் 18,500. அவர் வேலைக்குப் போகும் முன்பே எடுத்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஏஜென்ட் சொன்னார் என்று 13,000 ரூபாய் கட்டி ஒரு பாலிசியும் எடுத்தோம். இரண்டு இடத்திலும் 'அட்மிஷன் இல்லை, அதனால் பணம் கிடையாது' என்று சொல்லிவிட்டார்கள். இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், ஆனால் அது மெஷினில் அடிபட்டால்தான் உதவும் என்கிறார் கணவர். நகையை அடகு வைத்து இரண்டு மாதம் போனோம், இப்போது நிறுத்திவிட்டோம். மாமியார், 'குறைமாசப் பிள்ளை மெதுவாத்தான் வரும், பொறு' என்கிறார். மூன்று குடை இருந்தும் நனைகிறோம் மேடம். எங்களுக்கு வழி உண்டா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

வழி உண்டு. நீங்கள் எழுதியதில் கடைசியாக, போகிற போக்கில் சொன்ன இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடுதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல குடை. அதற்கு வருகிறேன். அதற்கு முன் பையனைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் வளர்ச்சியைத் தெரபி கொடுக்கும் நாங்களும் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடுவதில்லை. 40 வாரத்துக்கு 11 வாரம் முன்னதாக வந்துவிட்டான். அந்தப் 11 வாரத்தைக் கழித்தால் அவனுக்கு இப்போது பதினொன்றரை மாதம். ஆனால் அந்தக் கணக்கில் பார்த்தாலும் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதோடு, ஒரு கையை மட்டும் மூடி வைத்திருப்பது வெறும் தாமதம் இல்லை. தாமதம் என்றால் இரண்டு கையும் ஒன்றுபோல் மெதுவாக வரும். ஒரு பக்கம் பின்தங்கினால், மூளையின் மறுபக்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று நாங்கள் சந்தேகப்படுவோம். எனவே பொறுத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், இந்த 11 வாரக் கணக்கைச் சொல்லுங்கள். அவர்களும் பேரனுக்காகத்தான் சொல்கிறார்கள்.

சரி, காப்பீட்டுக்கு வருவோம். நம் ஊரில் மருத்துவக் காப்பீடு என்பதே கட்டிலை மையமாக வைத்துக் கட்டப்பட்டது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், அறுவை செய்தால் பணம் வரும். பச்சைப் பிள்ளைக்கான தெரபியோ பாயில் நடப்பது. முக்கால் மணி நேரம் ஆட்டி அசைத்து, விளையாட்டுக் காட்டி, தாய்க்குச் சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறோம். மறுநாள் மறுபடி. மாதக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில். இதில் அட்மிஷன் எங்கே வரும்? இதனால் என்ன ஆகிறது பாருங்கள். தெரபி இல்லாமல் குதிகால் தசைநாண் சுருங்கி, நாலைந்து வயதில் அறுவை மேஜைக்குப் போனால் பெரும்பாலும் காப்பீடு கிடைத்துவிடும். சுருங்காமல் பார்த்துக்கொள்ளக் கிடைக்காது. இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தும் இது எனக்கு ஆறவே இல்லை.

உங்கள் முதலமைச்சர் அட்டையை இந்தத் தெரபிக்காக நம்பியிருக்க வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கான திட்டம் அது. கணவரின் சம்பளம் இப்போது அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. வரம்புக்குள் இருந்திருந்தாலும் இந்த வகைத் தெரபிக்கு அதில் இடமில்லை.

இப்போது இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளிக்கு, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான், இந்தப் பாதுகாப்பு உண்டு. அவர் சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடிக்கிறார்கள், அதாவது மாதம் சுமார் 139 ரூபாய். முதலாளி மூன்றேகால் சதவீதம் கட்டுகிறார். வேலையில் அடிபட்டால் கிடைப்பது அதில் ஒரு பகுதி மட்டும்தான். தொழிலாளியின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் முழு மருத்துவ வசதி உண்டு, புறநோயாளி சிகிச்சையும் அதில் அடக்கம். படுக்கை தேவையில்லை. ஓசூர் பகுதியில் எத்தனையோ அப்பாக்கள் இந்தப் பணத்தை மாதாமாதம் கட்டிக்கொண்டே, பிள்ளையின் தெரபிக்கு வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். 'அது ஆக்சிடெண்ட் கார்டு' என்று யாரோ ஒருவர் ஷிஃப்டில் சொன்னது அப்படியே ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது.

கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டில் இருக்கும் இ.எஸ்.ஐ. எண்ணை எடுத்துக்கொண்டு, குடும்பத்தார் பட்டியலில் சின்னவன் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூத்த பிள்ளையோடு நின்றிருக்கும். இல்லையென்றால் பிறப்புச் சான்று, ஆதார் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு உங்களுக்கு ஒதுக்கிய இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் பிள்ளையோடு போய், டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி, ஓசூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பரிந்துரை கேளுங்கள். கணவர் ஓசூரில், நீங்கள் ஊரில் என்பதால் வீட்டுக்குப் பக்கத்து மருந்தகத்துக்கு மாற்றித் தரச் சொல்லியும் கேளுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முதலில் பரிந்துரைச் சீட்டு, அப்புறம்தான் வெளியே சிகிச்சை. சீட்டு இல்லாமல் தனியாரிடம் போய்விட்டு பில்லோடு வந்தால் பணம் வாங்குவது பெரும்பாடு.

அடுத்தது நிராமயா. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் காப்பீடு இது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. கட்டணம் சில நூறு ரூபாய்தான். சேருமுன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, முன்பே இருந்த நோய் என்ற பேச்சே கிடையாது. தொடர் தெரபிக்கு என்றே ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். வரம்பு உள்ள தொகைதான், உங்கள் வருடச் செலவு முழுவதையும் தாங்காது. வாரம் மூன்று தடவை, மாதத்துக்கு நாலு வாரம் என்று வைத்தாலே மாதம் 4,800, வருடம் 57,600 ரூபாய், பஸ் செலவும் கூலி போகும் நாட்களும் தனி. ஆனாலும் நகை மூழ்காமல் இருக்க உதவும்.

நிராமயாவுக்கு மாற்றுத்திறனாளி சான்று வேண்டும். இங்கேதான் பல தாய்மார்கள் திணறுகிறார்கள். அறிவு வளர்ச்சி பற்றிய சான்றை ஐந்து வயதுக்கு முன் கொடுப்பதில்லை. அதுவரை 'வளர்ச்சித் தாமதம்' என்று மட்டும் எழுதுவார்கள். தெரபி அதிகமாகப் பலன் தரும் வயதோ அந்த ஐந்துக்குள்தான். பணம் வேண்டும் என்றால் சான்று வேண்டும், சான்று வேண்டும் என்றால் காத்திருக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர்கள் தவறான எண்ணத்தில் எழுதவில்லை. சிறு பிள்ளைக்கு அவசரப்பட்டு நிரந்தர முத்திரை குத்தக் கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் முத்திரை குத்தாமலே பணம் தர ஒரு வழி செய்திருக்க வேண்டும். உங்கள் பையனுக்கு இருப்பது கை கால் அசைவு சார்ந்த பிரச்சினை என்பதால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். மூளை முடக்குவாதம் என்று குழந்தை நரம்பியல் மருத்துவர் தெளிவாக எழுதித் தந்தால், அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு குறிப்பிட்ட காலத்துக்குச் செல்லும் சான்று கொடுக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் குழு கூடும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

பில் விஷயத்தில் பலரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா என்னிடம் வந்தார். மஞ்சள் பையைக் கவிழ்த்ததும் மேஜை நிறையத் துண்டுச் சீட்டு. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் கிழித்த தாள், நாட்காட்டியின் பின்பக்கம், எல்லாவற்றிலும் 'ரூ. 300 பெற்றேன்', கீழே ஒரு கோணல் கையெழுத்து. ஒன்றரை வருட தெரபி அது. ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. சீட்டில் பிள்ளையின் பெயர் இல்லை, நோயின் பெயர் இல்லை, கொடுத்தவரின் பதிவு எண் இல்லை. அவர் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி மறுபடி பைக்குள் வைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எனவே நீங்கள் தெரபிக்குப் போகும் இடத்தில் அச்சடித்த பில் கேளுங்கள். தேதி, பிள்ளையின் பெயர், நோய், என்ன தெரபி, எத்தனை அமர்வு, தெரபிஸ்ட்டின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மருத்துவரின் பரிந்துரைச் சீட்டை அதோடு இணையுங்கள். சேர்த்து வைக்காமல் மாதாமாதம் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 13,000 ரூபாய் பாலிசி பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். வெளிநோயாளி தெரபி அதில் இல்லை என்றால், சண்டை போட்டும் அதை வாங்க முடியாது. உங்கள் பலத்தை அதில் வீணாக்காதீர்கள். ஆனால் பாலிசிப் புத்தகத்தில் இரண்டு இடத்தை யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். ஒன்று, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் ஆகும் செலவு. பெரும்பாலான பாலிசிகளில் 60 நாளோ 90 நாளோ வரை அது உண்டு. வலிப்போ சளிக்காய்ச்சலோ வந்து பிள்ளை சேர்க்கப்பட நேர்ந்தால், எந்தப் பிரச்சினைக்காகச் சேர்த்தார்களோ அதன் தொடர்ச்சியாக டாக்டர் பிசியோதெரபி எழுதித் தந்தால், அந்த நாட்களுக்குள் ஆகும் செலவைக் கோர இடமுண்டு. சில வருடம் முன் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு தனியார் நிறுவனம் இதையும் மறுத்தது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் பிசியோதெரபி என்ற ஒரு வார்த்தை விட்டுப்போனதுதான் காரணம். ஆகவே வீட்டுக்குக் கிளம்பும் முன் அந்தத் தாளைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, சின்னவனை அந்தப் பாலிசியில் சேர்த்திருக்கிறார்களா என்பது. 'இந்த நோய் உள்ள பிள்ளையைச் சேர்க்க முடியாது' என்று வாயால் சொல்லி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2023 பிப்ரவரியில் உத்தரவிட்டிருக்கிறது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னாலே பல இடங்களில் குரல் மாறும். மாறாவிட்டால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அடுத்து ஆணையத்தின் 155255 என்ற எண். கோரிய பணத்தை நியாயமில்லாமல் மறுக்கிறார்கள் என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பேச்சு, மொழிக் குறைபாடுகளையும் பிறவியிலேயே உடலுக்குள் இருக்கும் குறைகளையும் பாலிசியில் ஒரேயடியாக விலக்கி வைக்கக் கூடாது என்று 2019லேயே ஆணையம் சொல்லிவிட்டது. பழைய பாலிசித் தாளை வைத்துக்கொண்டு 'இது வராது' என்று ஏஜென்ட் சொன்னால், புதிய விதியைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தத் தாள்கள் எல்லாம் நகர மாதங்கள் ஆகும். அதுவரை தெரபி நிற்கக் கூடாது. காசில்லாமல் கிடைப்பவற்றை இந்த வாரமே பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிய 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் நடக்கின்றன. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 'டி.இ.ஐ.சி. எங்கே' என்று கேளுங்கள், அங்கே எல்லாரும் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள். அதே வளாகத்தில் கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். 29 வாரத்துப் பிள்ளைக்கு விழித்திரைப் பரிசோதனையும் கேட்புத்திறன் பரிசோதனையும் நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருந்த நாட்களின் டிஸ்சார்ஜ் தாளில் அது இருக்கும், தேடிப் பாருங்கள்.

பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலும் இயன்முறை மருத்துவரும் சிறப்பாசிரியரும் வருவார்கள். பள்ளி போகும் வயதுக்குத்தான் அது என்று நினைக்காதீர்கள், பச்சைப் பிள்ளைகளையும் பதிவு செய்வார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவரும் உண்டு. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஊர் செவிலியரிடம் பையன் பெயரைக் கொடுத்து வையுங்கள். மூன்று இடத்திலும் வாரத்துக்கு ஒரு தடவை கிடைத்தால்கூட, டாக்டர் சொன்ன மூன்று நாள் ஆகிவிட்டது.

இவை எல்லாம் நீங்கள் செய்ய வேண்டியவை. செய்ய வேண்டியது அரசிடமும் நிறைய இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடமாட்டேன். கட்டில் இல்லாத சிகிச்சைக்குக் காப்பீடு தர முடியாது என்பது உண்மையல்ல. முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸ் இருக்கிறது. சிறுநீரக நோயாளி காலையில் வந்து நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார், மறுபடி வருகிறார். தடவைக்கு இவ்வளவு என்று பணம் போகிறது. காது கேளாத சிறு பிள்ளைக்குக் காக்ளியர் கருவி பொருத்துவதும் அதே திட்டத்தில் இருக்கிறது. கருவியைப் பொருத்தினால் மட்டும் பிள்ளை பேசிவிடாது, கேட்டுப் பேசும் பயிற்சியும் வேண்டும் என்று புரிந்து அந்தப் பயிற்சியையும் சேர்த்தார்கள். அந்தப் பிள்ளைக்குச் சேர்த்ததை மூளை முடக்குவாதப் பிள்ளைக்கும் சேர்க்கலாமே? இத்தனை அமர்வு, இத்தனை மாதம், முன்னேற்றத்தைப் பார்த்து நீட்டிப்பு என்று ஒரு தொகுப்பு போட்டால் போதும். மாற்றுத்திறனாளிகளுக்கு விரிவான காப்பீடு வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவே சொல்கிறது.

அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான ஆரம்பநிலைச் சேவைக்கு 1986இல் மத்தியச் சட்டம் வந்தது. அரசுப் பணம் ஒரு பக்கம், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு ஒரு பக்கம். பல மாநிலங்கள் தனியார் காப்பீட்டு நிறுவனங்களையும் இதற்குப் பணம் தரச் சட்டத்தால் கட்டாயப்படுத்தின. ஒருவர் தலையில் முழுச் சுமையையும் ஏற்றவில்லை. நமக்கும் அதுதான் பொருந்தும். அரசு மையங்களில் தெரபிஸ்ட் இடங்களை நிரப்ப வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டில் தெரபியைச் சேர்க்க வேண்டும், தனியார் பாலிசிகளில் வெளிநோயாளி தெரபி கட்டாயமாக வேண்டும். மூன்றும் ஒருசேர வேண்டும்.

உங்கள் ஒருவர் கடிதத்தால் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. டி.இ.ஐ.சி. மையத்தில் உங்களைப் போலவே வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைப் பார்ப்பீர்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே மனுவில், தெரபி செலவை மாதக் கணக்கோடு எழுதிக் கொடுங்கள். கணக்கோடு வரும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

கடைசியாக அந்தக் கை. கட்டைவிரலைப் பிடித்து இழுத்து விரிக்காதீர்கள், இழுத்தால் இன்னும் இறுகும். குளிப்பாட்டிய பின் உடம்பு தளர்ந்திருக்கும்போது பையனை மடியில் உட்கார வைத்து, உங்கள் வயிற்றில் அவன் முதுகு சாயட்டும். அவன் மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தானாகத் தளரும். அப்போது புறங்கையைச் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து தடவிக்கொடுத்து, திறந்த உள்ளங்கையைக் கேழ்வரகு பரப்பிய தட்டில் வையுங்கள், வாயில் போடாமல் பார்த்துக்கொண்டு. அந்தக் கரகரப்பு பிடித்துப்போனால் அவனே விரலை அசைப்பான். அவன் அழுதால் நிறுத்திவிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, இரண்டிரண்டு நிமிடம். மையத்துக்குப் போகும்போது நீங்கள் செய்வதை அங்கிருக்கும் தெரபிஸ்ட்டிடம் செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

இ.எஸ்.ஐ. பட்டியலில் பெயர் ஏறியதும் எனக்கு எழுதுங்கள். காது, கண் பரிசோதனைத் தாளில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.